வராத படத்துக்கு முடிவு சொல்லும் பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இன்னும் தியேட்டருக்கே வராத படத்துக்கு நீ கிளைமாக்ஸ் சொல்லிட்டுத் திரியுறதா உங்க அப்பத்தா சொன்னா. ரொம்பச் சந்தோசம். படம் வந்த பெறகு கதை சொல்ல எந்தப் பயலாலயும் முடியும். வர்றதுக்கு முன்னாலயே சொல்லி, வந்த பெறகு "நான் சொன்னபடி எடுக்கலையே"ன்னு டைரக்டர் மேலயே குத்தம் சொல்றதுக்குத்தான் ஒரு தெம்பு வேணும். அந்தத் தெம்பு உனக்கு இருக்கு. அதைக் கெடுக்க நான் வரல, வளர்த்து விடத்தான் வந்திருக்கேன்.

உன் புண்ணியத்துல அந்த விண்வெளிப் பிசாசுப் படங்களை எல்லாம் நானும் பாத்தாச்சு. செல்போன்ல ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு நிழலுக்கும் நீ சொன்ன வியாக்கியானத்தையும் கேட்டாச்சு. அதனால இந்தத் தொழில்ல உனக்குப் புத்தி சொல்ல எனக்கும் கொஞ்சம் தகுதி வந்திருக்கு. இப்ப நீ ஒரு முன்கதைக்குக் காத்துக் கிடக்கே. உனக்கு முந்தின செட்டு 2012-ல 'ப்ரொமீதியஸ்'னு ஒரு முன்கதைக்குக் காத்துக் கிடந்துச்சு. தியரி கட்டுறதுல அப்படி ஒரு விளைச்சலை அதுக்கு முன்னயும் பின்னயும் நான் கேள்விப்பட்டதில்ல. அந்தக் கதையை மொதல்ல கேளு.

1979-ல ரிட்லி ஸ்காட் 'ஏலியன்' எடுத்தாரு. டான் ஓபானனும் ரொனால்ட் ஷூசெட்டும் சேர்ந்து யோசிச்ச கதை. நோஸ்ட்ரோமோன்னு ஒரு சரக்குக் கப்பல், அதுல ஏழு பேரு, ஒரு பூனை. நெடுந்தூக்கத்துல இருந்து எந்திரிச்ச கையோட என்ன பேசுறாங்க? "போனஸ்ல எங்களுக்கு மட்டும் ஏன் பங்கு கம்மி"ன்னு ரெண்டு பேரு கேக்குறாங்க. நட்சத்திரத்துக்கு நடுவுல போனாலும் கூலித் தகராறு தீரலைன்னு பாத்ததுமே எனக்கு அந்தப் படம் பிடிச்சுப் போச்சு. அப்புறம் எங்கிருந்தோ ஒரு சமிக்ஞை வருது. போய்ப் பாக்கலைன்னா உள்ள பங்கும் கிடையாதுன்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கு. வேற வழியில்லாம இறங்குறாங்க.

மூணு பேரு அந்த லாட வடிவக் கப்பலுக்குள்ள ஏறிப் பாத்தா, நடுவுல பெரிய நாற்காலி. அதுல செத்துக் கல்லாப் போன ஒரு ராட்சசன், 26 அடி உசரம். விலா எலும்பெல்லாம் வெளிப்பக்கமா வளைஞ்சு கிடக்கு. உள்ளேயிருந்து எதோ வெடிச்ச மாதிரி இருக்குன்னு கேப்டன் ஒரு வார்த்தை சொல்றாரு. கூட வந்த அம்மா கிளம்பலாம் கிளம்பலாம்னு நச்சரிக்குது. அம்புட்டுத்தான். அந்த ராட்சசன் யாரு, எந்த ஊரு, அவன் கப்பலுக்குள்ள கிடந்த அத்தனை முட்டையை எங்க கொண்டு போனான், எவனுக்காகக் கொண்டு போனான்னு ஒரு பேச்சு இல்ல. 1986-ல ஜேம்ஸ் கேமரூன், 1992-ல டேவிட் ஃபிஞ்சர், 1997-ல ஜான்-பியர் ழூனேன்னு அடுத்தடுத்து மூணு பேரு படம் எடுத்தாங்க. ஒருத்தரும் அந்த நாற்காலிக்காரனை விசாரிக்கல. ரசிகருகதான் பாவம், அவனுக்கு 'ஸ்பேஸ் ஜாக்கி'ன்னு ஒரு பேராவது வழங்க வச்சு நெனப்புல வச்சிருந்தாங்க.

அந்தக் காட்சியை எடுத்த விதத்தைச் சொன்னா நீ சிரிப்பே. ஸ்விட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கிகர் வரைஞ்சு கொடுத்ததை ஸ்டுடியோவுல முழு அளவுக்குக் கட்டினாங்க. ஒத்தக் காட்சிக்கு இம்புட்டுச் செலவான்னு கம்பெனி மூக்கால அழுதுச்சு. கட்டி முடிச்சும் ஸ்காட்டுக்குத் திருப்தி இல்ல, இன்னும் பெருசாத் தெரியணும். என்ன செஞ்சாரு தெரியுமா? சொந்தப் பிள்ளைகளுக்குக் குட்டியா விண்வெளி உடை தைக்கச் சொல்லி, மாட்டி நடக்க விட்டாரு. நிக்கிறது சின்னப் பயலுக, அதனால பக்கத்துல இருக்கிறது எல்லாம் பிரமாண்டமாயிருச்சு. அண்டசராசர மர்மம்னு நீங்க வியந்ததுல பாதி, அப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளைக உடுத்துன குட்டிச் சட்டைலே அது.

முப்பது வருசம் கழிச்சு, 2009 வாக்குல, இந்த நாற்காலிக்காரன் கதையைத் தோண்டுவோம்னு கம்பெனிக்கு ஆசை வந்துச்சு. ஸ்காட்டே திரும்பி வந்தாரு. ஜான் ஸ்பைட்ஸ்னு ஒருத்தரு முறையா ஒரு முன்கதை எழுதிக் கொடுத்தாரு. அது பத்தலைன்னு டேமன் லிண்டலாஃபைக் கூப்பிட்டாங்க. அவரு யாரு? 'லாஸ்ட்' சீரியலை எழுதினவங்கள்ல முக்கியமான ஆளு. ஆறு சீசன் கேள்வியாப் போட்டு, 2010-ல முடிக்கும்போது பாதிக்குப் பதில் சொல்லலைன்னு உலகம் முழுக்க வாங்கிக் கட்டிக்கிட்டவரு. கேள்வியைப் போட்டுட்டு நழுவுறதுல பேர் வாங்கின ஆளையே தேடிப் பிடிச்சு, முப்பது வருசக் கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னாங்க பாரு, அந்தக் கம்பெனிக்காரன் மூளைக்கு நான் இன்னைக்கும் ஒரு கும்பிடு போடுவேன்.

2011 ஜனவரியில 'ப்ரொமீதியஸ்'னு பேரை அறிவிச்சாங்க. கூடவே ஒரு விளக்கம். இது நேரடி முன்கதை இல்ல, ஆனா ஏலியனோட டி.என்.ஏ. இதுல இருக்கிறதை ரசிகருக கண்டுபிடிச்சுருவாங்கன்னாரு ஸ்காட்டு. புள்ள என்னுது இல்ல, மூக்கு மட்டும் என் மூக்குன்னு பஞ்சாயத்துல சொன்ன கணக்கு. இதைக் கேட்டுட்டு எந்த ஊராவது சும்மா இருக்குமா? அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு, 2012 ஜூன் மாசம் படம் வர்ற வரைக்கும் ஓயல.

மொதல்ல பேரை வச்சே ஆரம்பிச்சாங்க. ப்ரொமீதியஸ் தேவருககிட்ட இருந்து நெருப்பைத் திருடி மனுசனுக்குக் கொடுத்தவன். அதுக்குத் தண்டனையா அவனைப் பாறையில கட்டிப் போட்டு, கழுகு தினமும் ஈரலைக் கொத்தித் தின்னும். இந்தப் புராணத்தைப் புரட்டிப் பாத்துட்டு, அப்ப இந்தப் படத்துலயும் ஒருத்தன் வயிறு கிழியப் போகுதுன்னு ஞானக்கண்ணைத் திறந்து சொன்னாங்க. ஏலியன் படத்துல வயிறு கிழியும்னு சொல்லக் கிரேக்கப் புராணம் எதுக்குலே?

2011 டிசம்பர் 22-ல டீசர் வந்துச்சு. அந்த டீசர் வருதுன்னு சொல்ல அதுக்கு முன்னால ஒரு துண்டுப் படம் வந்துச்சு. சிரிக்காதே, நெசமாத்தான். டீசர்ல தலைப்பு ஒவ்வொரு கோடாக் கூடி எழுத்தாகுது, 1979 படத்துல வந்த அதே தினுசு. பழைய ட்ரெய்லர்ல கேட்ட அதே ஊளைச் சத்தம். பெரிய மனுசத் தலை ஒண்ணு. வரிசையா ஜாடிக. அதே லாட வடிவக் கப்பல் வானத்துல இருந்து விழுது. நாற்காலி இருக்கு, நாற்காலியில ஒருத்தன் இருக்கான். இம்புட்டும் கிடைச்சா விடுவாங்களா உன் அண்ணன்மாரு? வீடியோவை அங்குலம் அங்குலமா நகத்தி, படத்தை முழுசாக் கட்டி முடிச்சுட்டாங்க: விழுற கப்பல்தான் 1979-ல பாத்த கப்பல், விழுற ஊருதான் மொதப் படத்துல இறங்குன எல்.வி.-426, இதுல சாகுற ஒருத்தன்தான் பின்னால கல்லாகி உக்காந்திருக்கப் போறான். எல்லாம் சோடி சேர்ந்துச்சு. ஓட்டை ஒண்ணு இல்ல.

இங்கதான் உனக்கு ஒரு புத்தி. உன் தியரியில எல்லாம் ஒட்டி வந்துருச்சுன்னா, அப்பவே துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுக் கிளம்பிரு. படம் வந்துச்சு. ஊரு எல்.வி.-426 இல்ல, எல்.வி.-223. ஊரே வேற! கப்பலும் வேற. நாற்காலிக்காரன் அந்த நாற்காலியில சாகவே இல்ல, எந்திரிச்சு நடந்து போய் வேற இடத்துல செத்தான். 26 அடி ராட்சசன்னு நெனச்சது வெறும் கவசமாம். உள்ள இருந்தது வெளுத்துப் போன ஆளு ஒருத்தன், நம்ம மனுசனை விடக் கொஞ்சம் உசரம். மிச்ச அடியெல்லாம் எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் கணக்கு இல்ல. குட்டிச் சட்டை போட்ட பிள்ளைகளைத்தான் கேக்கணும்.

அந்தப் பிள்ளைக பேச்சு வந்ததால சொல்லுறேன். 2012 பிப்ரவரியில ஒரு வீடியோ விட்டாங்க. பீட்டர் வேலண்ட்னு ஒரு கோடீஸ்வரன், 2023-ல டெட் மேடையில நின்னு, நாமதான் இனி கடவுள்னு பேசுற மாதிரி. நடிச்சது கை பியர்ஸ். அதை எடுத்தது ஸ்காட்டோட மகன் லூக். அன்னைக்குக் குட்டி உடை மாட்டி நடந்த அதே வீட்டுப் பிள்ளை, வளர்ந்து அப்பன் படத்துக்கு விளம்பரம் எடுக்க வந்துருச்சு. குடும்பத் தொழில்னா இப்படி இருக்கணும். நீயும் இருக்கியே, உங்கப்பன் மோட்டார் ஸ்விட்சைப் போடச் சொன்னா மாடிக்கு ஓடுறே.

அந்தக் கை பியர்ஸை வச்சு ஒரு தியரி கிளம்புச்சு பாரு, அதுதான் எனக்கு எல்லாத்துலயும் பிடிச்சது. படத்துல வேலண்ட் தொண்டு கிழவன். அதுக்கு ஏன் நடுவயசு ஆளைப் பிடிச்சு மூஞ்சி முழுக்க ரப்பர் ஒட்டணும்? நாட்டுல கிழவனுக்கா பஞ்சம்? நானே சும்மாதானே இருக்கேன்! ஆகவே கிழவன் படத்துல மறுபடி இளந்தாரியாகப் போறான், அந்த ராட்சசங்க மருந்து கொடுக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. அருமையான தியரி. வக்கீல் கூட இப்படி வாதாட மாட்டான். நடந்தது என்ன? கிழவன் தூக்கத்துல இளமையாக் கனவு காணுற மாதிரி எழுதி வச்சிருந்தாங்க. அதுக்காகத்தான் கை பியர்ஸ். பின்னால அந்தக் காட்சியைத் தூக்கிட்டாங்க. ரப்பர் மட்டும் மிச்சம். உங்க ஆளுக பிரபஞ்ச ரகசியத்தைத் தேடின இடத்துல இருந்தது, வெட்டிப் போட்ட காட்சி.

அப்புறம் சார்லிஸ் தெரோன் நடிச்ச விக்கர்ஸ் அம்மா. அது மனுசியா, ரோபோவா? ட்ரெய்லர்ல அது விறைப்பா நின்னதைப் பாத்தே பாதிப் பேரு ரோபோன்னு தீர்ப்பு எழுதிட்டாங்க. தப்பு சொல்ல முடியாது. 1979-ல ஆஷ்னு ஒருத்தன் கப்பல் விஞ்ஞானியா வந்து, பாதிக்கு மேல தலை பிஞ்சு பால் பாலா ஒழுகினப்பதான் அவன் யந்திரம்னு தெரிஞ்சுது. அன்னைக்கு ஏமாந்தவன், இன்னைக்கு ஸ்க்ரீன்ல எவன் காபி குடிக்காம நின்னாலும் சந்தேகப்படுறான். படத்துலயும் கேப்டன் அந்த அம்மாகிட்ட நீ ரோபோவான்னு நேரடியாவே கேக்குறாரு. அதுக்கு அந்த அம்மா கொடுத்த பதிலை உன் தாத்தன் வாயால சொல்லக் கூடாது. எப்படியோ, கேள்வி கேள்வியாவே போச்சு. இன்னைக்கும் அடிச்சுக்கிட்டு இருக்காங்க.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. சென்சார்ல பசங்களும் பாக்கலாம்னு சான்றிதழ் கொடுத்துட்டா ரத்தத்தைக் குறைச்சுருவாங்களேன்னு மாசக் கணக்காக் கவலை. மே மாசம் பெரியவங்களுக்கான 'ஆர்' சான்றிதழ்தான்னு உறுதியானதும் பாயாசம் வைக்காத குறை. பயமுறுத்தாம விட்டுருவாங்களோன்னு பயந்து செத்த கூட்டம் இது ஒண்ணுதான்.

ஏப்ரல்ல டேவிட்டுன்னு ஒரு ரோபோவை விக்கிற மாதிரி ஒரு விளம்பரம் வந்துச்சு. மைக்கேல் ஃபாஸ்பெண்டர் பணிவா நின்னு, என்ன வேலை கொடுத்தாலும் செய்வேன்னு சொல்லி, சொன்ன நேரத்துல கண்ணுல தண்ணியும் விடுறான். படத்தை விட அந்த விளம்பரம் நல்லாருக்கு. இங்கிலாந்துல சேனல் 4 டிவியில சீரியலுக்கு இடையில ட்ரெய்லரைப் போட்டு, பாத்தவங்க ட்விட்டர்ல எழுதினதை அடுத்த இடைவேளையிலயே திரையில ஓட விட்டாங்க. விளம்பரத்தைப் பாத்துட்டு நீங்க பேசின பேச்சையே எடுத்து, அதையும் விளம்பரமாக்கிட்டான். நீங்க தியரி கட்டுறீங்க, கூலி இல்லாம. அவன் கல்லா கட்டுறான். கடைசியில உலகம் முழுக்க 40 கோடி டாலருக்கு மேல வசூல். இந்தக் கணக்கை மட்டும் உங்க எவன் தியரியும் போடல.

சரி, படத்துக்குள்ள வா. ஸ்காட்லாந்து ஸ்கை தீவுல ஒரு குகை ஓவியம், அதைப் பாத்து நம்மளைப் படைச்சவங்க அங்க இருக்காங்கன்னு 2093-ல ஒரு கப்பல் நிறைய விஞ்ஞானிங்க போயி இறங்குறாங்க. எல்லாம் படிச்ச கூட்டம். ரெண்டு வருசத்துக்கு மேல தூங்கி எந்திரிச்சு, கேப்டன் கிறிஸ்துமஸ் மரமெல்லாம் நட்டு வச்சிருக்காரு. வேத்துக் கிரகத்துக் குகைக்குள்ள நுழைஞ்சு, காத்து நல்லாருக்கே மாப்ளேன்னு ஒருத்தன் தலைக்கவசத்தைக் கழட்டுறான். அவனைப் பாத்து மத்தவனும் கழட்டுறான். குகைக்கு வரைபடம் போடுறதுக்குன்னே பறக்குற கருவி கொண்டு வந்த ஃபைஃபீல்டு இருக்கானே, அந்தக் குகையில வழி தெரியாம மாட்டிக்கிட்டதே அவன்தான். கூட இருந்தவன் மில்பர்ன், உயிரியல் படிச்சவன். கறுப்புத் தண்ணிக்குள்ள இருந்து வெளுப்பா ஒண்ணு தலையைத் தூக்கி, படம் விரிச்சு நிக்குது. பாம்பைக் கண்டா படையும் நடுங்கும்பாங்க. இந்தப் பய என்ன செஞ்சான்? கையை நீட்டிக் கொஞ்சுறான்! அழகா இருக்கியேங்குறான்! நம்ம ஊர்ல ஆடு மேய்க்கிற பொடியனுக்குத் தெரிஞ்சது டாக்டர் பட்டம் வாங்கினவனுக்குத் தெரியல. அது கையை முறுக்கி உடைச்சு, தொண்டை வழியா உள்ள போயிருச்சு. போகட்டும்.

கடைசியில அம்மாம் பெரிய கப்பல் சக்கரமா உருண்டு வருது. விக்கர்ஸ் அம்மா அது உருளுற திசையிலேயே நேரா ஓடுது. நாலு எட்டு பக்கவாட்டுல வச்சிருந்தா பொழைச்சிருக்கும். ஒதுங்கணும்னு அதுக்குத் தோணவே இல்ல. நசுங்கிருச்சு.

இப்பச் சொல்லு. ஒண்ணரை வருசம் ஆயிரம் ஆயிரம் பேரு உக்காந்து தியரி கட்டினீங்களே, அதுல ஒருத்தனாவது, "இந்தப் படத்துல விஞ்ஞானிக எல்லாம் கூறு கெட்டவங்களா இருப்பாங்க"ன்னு சொன்னானா? மாட்டான். ஏன்னா தியரி கட்டுறவனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எழுதினவன் எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருப்பான், ஒவ்வொரு ஜாடிக்கும் காரணம் இருக்கும், ஒவ்வொரு நிழலுக்கும் அர்த்தம் இருக்கும்னு. எழுதினவனுக்கு இருக்கிற அறிவை விட ஒரு படி கூடுதலா அளந்து கொடுத்துட்டு, அப்புறம் குறையுது குறையுதுன்னு புலம்புறது.

அந்தக் கறுப்புத் தண்ணியையே எடுத்துக்கோ. படம் ஆரம்பிக்கும்போது ஐஸ்லாந்து அருவி மேல நின்னு ஒரு ராட்சசன் அதைக் குடிச்சுக் கரைஞ்சு போறான், அதுல இருந்து உயிர் பொறக்குது. அது பூமியான்னு கேட்டா, பூமியாத்தான் இருக்கணும்னு இல்லையேங்குறாரு ஸ்காட்டு. அதே தண்ணி புழு மேல பட்டா பாம்பு. ஃபைஃபீல்டு மூஞ்சியில பட்டா செத்தவன் எந்திரிச்சு வந்து அடிக்கிறான். ஒரு சொட்டை ஹாலோவேன்னு ஒரு விஞ்ஞானி குடிச்சா அவனுக்குக் கண்ணுல புழு, அவன் காதலி ஷாவுக்கு வயித்துல கணவாய். அந்தக் கணவாய் பெருசாகி ராட்சசனைப் பிடிச்சா, கடைசியில கூர்மண்டையோட ஒரு குட்டிப் பிசாசு. ஒரே மருந்து, ஆளுக்கு ஒரு வியாதி. இதுக்கு எவன் தியரி கட்ட முடியும்? நம்ம ஊர் கம்பவுண்டரே திணறிப் போவாரு.

ஆனா ஒண்ணு சொல்லுறேன் கேளு. அந்தப் படத்துல ஒரே ஒரு இடம் இருக்கு, நீங்க யாரும் சரியாப் பாக்காத இடம். கிழவன் வேலண்ட் ஒளிஞ்சிருந்து வெளியே வர்றான். அவன் கப்பல்ல ஏறியிருப்பான்னு உங்காளுக சொன்னது பலிச்சுருச்சு, அதுக்கு மட்டும் ஒரு மார்க் போடலாம். தூங்கிட்டு இருக்கிற கடைசி ராட்சசனை எழுப்புறாங்க. ஷா அம்மா ஒரு பக்கம், நாங்க என்ன தப்பு செஞ்சோம், எங்களை ஏன் அழிக்க நெனச்சீங்கன்னு கத்துது. கிழவனுக்குச் சாகாம இருக்க வழி வேணும். டேவிட்டு ரோபோ பழைய பாஷையெல்லாம் படிச்சுட்டு வந்திருக்கான், பணிவாக் கேக்குறான். படைச்சவன் முன்னால நின்னு, இத்தனை வருசமாத் தேக்கி வச்ச கேள்வியைக் கேக்குறாங்க. ராட்சசன் நின்னு கேட்டான். டேவிட்டு தலையைத் தடவிக் கூடக் கொடுத்தான். அப்புறம் அந்தத் தலையைத் திருகிப் பிடுங்கி, அந்தத் தலையாலயே கிழவனை ஒரு போடு போட்டான். தீந்துச்சு கதை.

பேராண்டி, 33 வருசமா நாற்காலிக்காரன் யாரு, எதுக்கு வந்தான்னு ஸ்காட்டு வாசல்ல நின்னவங்க யாரு? கண்டதையும் கரைச்சுக் குடிச்சுட்டு, ட்ரெய்லர் பாஷை எல்லாம் படிச்சுட்டு வந்து, பதில் சொல்லுய்யான்னு கேட்டவங்க யாரு? இதை விடத் தெளிவா அந்த மனுசன் உங்களுக்கு எப்படிலே பதில் சொல்லணும்?

அப்பவும் புரியல உங்க ஆளுகளுக்கு. பிடுங்கின தலையை ஷா ஒரு பைக்குள்ள போட்டுத் தூக்கிட்டு, இன்னும் மேல போய்க் கேக்குறேன்னு கிளம்புதே, அதே மாதிரி அடுத்த படத்துக்குக் காத்திருந்தாங்க. 2017-ல 'கவனன்ட்' வந்துச்சு. ஷா திரையில எந்திரிக்கவே இல்ல, ஏற்கெனவே செத்துப் போச்சாம். அந்த ராட்சசங்க ஊரையே டேவிட்டு அழிச்சுட்டானாம். ஏலியன் எங்கிருந்து வந்துச்சுன்னா, டேவிட்டு பொழுது போகாம உக்காந்து உருவாக்கினானாம். யாருன்னே தெரியாத, எவனும் பேர் சொல்லாத, ஆதி அந்தம் இல்லாத ஒரு பயங்கரத்தைக் கொண்டு வந்து, வேலை இல்லாத ஒரு ரோபோ தலையில கட்டிட்டாங்க. இதுக்கு அந்த நாற்காலியிலேயே விட்டிருக்கலாம்னு ரசிகருக தலையில அடிச்சுக்கிட்டாங்க. கேட்டு வாங்கினதுதானே? 2025-ல 'ஏலியன்: எர்த்' சீரியல் எடுத்த நோவா ஹாலி கெட்டிக்காரன். கதை 2120-ல, அதாவது மொதப் படத்துக்கு ரெண்டு வருசம் முந்தி நடக்குது. ஆனா ப்ரொமீதியஸ் சொன்ன பூர்வீகம் நமக்குத் தோதுப்படாதுன்னு வெளிப்படையாச் சொல்லிட்டு, பழைய காலத்துக் கம்ப்யூட்டரும் பழைய தினுசுமாப் போயிட்டான்.

மொதப் படத்துல பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாரு. கேன்கிற ஆளு நெஞ்சைக் கிழிச்சுட்டு அந்தக் குட்டி வெளியே வருதே, அந்தக் காட்சி. கேனா நடிச்ச ஜான் ஹர்ட் தலையும் கையும் மேல தெரிய மேசைக்குள்ள படுத்திருந்தாரு, மேல பொய் நெஞ்சு, உள்ள கசாப்புக் கடைக் குடலு, ரத்தத்துக்குப் பம்பு. எதோ ஒண்ணு வரும்னு நடிகருகளுக்குத் தெரியும். எம்புட்டு ரத்தம், எந்தப் பக்கம் அடிக்கும்னு சொல்லல. லாம்பெர்ட்டா நடிச்ச வெரோனிகா கார்ட்ரைட் மூஞ்சியில பீச்சி அடிச்சுது, அந்த அம்மா அலறிப் பின்னால விழுந்துச்சு. திரையில நாம பாக்குறது நடிப்பு இல்ல, நெசமான பதற்றம். வளர்ந்த பிசாசோட உடைக்குள்ள நின்ன ஆளு பொலாஜி படேஜோ, நைஜீரியாக்காரரு, லண்டன்ல படிச்சுட்டு இருந்தவரு, அப்படி ஒரு நெட்டை. முழுசாக் காட்டுனது ரொம்பக் கொஞ்ச நேரம். ட்ரெய்லர்ல ஒரு முட்டையைத்தான் கண்ணுல காட்டினாங்க, பிசாசைக் காட்டல. தியரி கட்ட ஒரு செங்கல்லு கூடக் கொடுக்கல. அதனாலதான் தியேட்டர்ல சனம் நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுச்சு.

இதெல்லாம் கேட்டுட்டு நீ தியரியை விட்டுருவேன்னு நான் நம்பல. விடவும் வேண்டாம். இப்ப நீ சொல்லிட்டுத் திரியுற கிளைமாக்ஸை ஒரு நோட்டுல எழுதி, தேதி போட்டு, அப்பத்தா ட்ரங்குப் பெட்டியில வச்சுரு. பலிச்சா எல்லாருக்கும் காட்டு. பலிக்கலைன்னா அந்தக் கதையை நீயே ஒழுங்கா எழுதி முடிச்சு, எனக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. டைரக்டரு வாசல்ல போய் மட்டும் நிக்காதே. தலை பத்திரம்.

2012-ல வந்த ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாச்சு. ரிட்லி ஸ்காட்டு எடுத்த படத்தை விட, அது வர்றதுக்கு முன்னால உன் அண்ணன்மாரு கட்டின படம்தான் நல்ல படம். அதுக்கு டிக்கெட்டும் இல்ல.